கோடை வேலையில் ஆறு நிமிடம் உங்கள் பெயரில்: சட்டம் படிக்கிறவர்களுக்கு

சட்டம் படித்துக்கொண்டே கோடை விடுமுறையில் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் அந்த இரண்டாவது வாரம் வரும். முதல் வாரம் அடையாள அட்டை, புது முகங்கள், யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் என்று ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில்தான் புரியும், நம்மைக் கூப்பிட்டது வாதாடுவதற்கு இல்லை, 400 பக்க ஒப்பந்தத்தில் பிரிவு எண்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்ப்பதற்கு.

என் முதல் கோடையில் எனக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத ஓர் அறை. பழைய கேஸ் கட்டுகளைப் பிரித்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஆவணத்துக்கும் தேதி, தரப்பு, பக்க எண் எழுதி அட்டவணை போட வேண்டும். யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார்கள், பதில் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை. ஒன்பது மணி நேரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்று ராத்திரி பயமாக இருந்தது. வேலை கஷ்டமாக இருந்ததால் வந்த பயம் இல்லை அது. இப்படியே பத்து வாரம் போனால் அந்தக் கோடையே என் வாழ்க்கையில் இல்லாமல் போய்விடுமே என்ற பயம்.

அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, வக்கீல்கள் நேரத்தைக் கணக்கு வைக்கிற முறையிலேயே அது இருந்தது.

மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சட்ட நிறுவனங்கள் பலவற்றில் ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு 6 நிமிடம், டைம்ஷீட்டில், அதாவது யாருக்காக எவ்வளவு நேரம் வேலை செய்தோம் என்று எழுதுகிற தாளில், 0.1 என்று விழும். ஒரு கடிதம் படித்தால் 0.1, போனில் கொஞ்சம் நீட்டிப் பேசினால் 0.3. இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் என்று ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித்தைச் சொல்வார்கள். 1919-ல் பாஸ்டனில் ஒரு சட்ட நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்தவர், அதற்கு முன்பு அதே ஊரில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தை நடத்தியவர். ஒரு வழக்குக்கு உண்மையில் எவ்வளவு உழைப்பு ஆகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஆரம்பித்த கணக்கு, பின்னால் வக்கீல்களின் கழுத்தைப் பிடிக்கிற கணக்காக ஆனது வேறு கதை.

நானும் அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது, எண்பதுக்கும் மேற்பட்ட ஆறு நிமிடங்கள், அத்தனையும் யார் யாரோ கட்சிக்காரர் பெயரில். என் பெயரில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் என் சொந்த நோட்டில் ஒரு வரி சேர்த்தேன்: "நான் – 0.1". அவ்வளவுதான் முறை. தினமும் குறைந்தது ஓர் ஆறு நிமிடம் உங்கள் பெயரில் விழ வேண்டும், அதில் நீங்கள் செய்தது உங்களுக்குச் சந்தோஷம் தந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆறு நிமிடத்தைக் கட்சிக்காரர் கணக்கில் எழுதாதீர்கள். சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் இந்தத் தொழிலில் நம் கையெழுத்துக்கு மதிப்பு வருவது அந்த மாதிரி இடங்களில்தான்.

சரி, அந்த ஆறு நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில், அதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். "நேரம் கிடைத்தால் பார்க்கலாம்" என்று விட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் கை தானாகப் போனை எடுத்துவிடும். போனில் ஆறு நிமிடம் போனால் அது போனதே தெரியாது, எனக்கு ஒருமுறைகூட அது கணக்கில் சேர்ந்ததில்லை. அதனால் போனை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்திருங்கள். இடம், நேரம் இரண்டையும் சொல்லி வையுங்கள், "நாலு மணிக்கு, மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஜன்னல்" என்கிற மாதிரி.

அந்த ஜன்னலைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை, அது என்னுடையது. என் அறையில் ஜன்னல் இல்லை என்பதால் கட்டிடம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன். எதிர்க் கட்டிடத்து மொட்டை மாடியில் வயதான ஒருவர் நாலு மணி வாக்கில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு ஊற்ற மாட்டார். ஒவ்வொன்றிலும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, சிலதுக்கு ஊற்றுவார், சிலதைத் தாண்டிப் போவார். மூலையில் இருந்த ஒரு தொட்டியில் செடியே தெரியாது, வெறும் மண். அதற்கும் தினமும் கொஞ்சம் விடுவார். ஆறாவது வாரம் அதில் பச்சையாக ஏதோ தலைநீட்டியது. அன்றைக்கு நான் அட்டவணை போட்ட ஆவணங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை, அந்தப் பச்சை அப்படியே கண்ணில் இருக்கிறது.

கண்ணுக்கும் அது நல்லது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர்களுக்குக் கண் மருத்துவர்கள் சொல்கிற 20-20-20 கணக்கு தெரிந்திருக்கும்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 வினாடி பாருங்கள் என்பது. 20 அடியில் பார்க்க உருப்படியான ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டால் இந்தப் பழக்கம் தானாக வரும். சுவரைப் பார்க்கச் சொன்னால் யார் பார்ப்பார்கள்?

ஆனால் வெளியே பார்ப்பது பாதிதான். மீதிப் பாதி வேலைக்குள்ளேயே இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய பாதி. சட்டம் படிக்கிறவர்கள் தீர்ப்பைத் திறந்தவுடன் சட்டப் பிரச்சினை எங்கே, முடிவு எங்கே என்று தாவுவோம். கல்லூரி அப்படிப் பழக்கிவிடுகிறது. கோடை வேலையில் ஒரு நாளைக்கு ஒரு தீர்ப்பை மட்டும் வேறு மாதிரி படியுங்கள். ஆறு நிமிடத்துக்கு, சம்பவப் பகுதியை மட்டும், கதை கேட்கிற மாதிரி. யார் அந்த மனிதர், அன்றைக்கு என்ன கிழமை, எதற்காக வெளியே வந்தார் என்று.

கவனக்குறைவுச் சட்டம் படித்த எல்லாருக்கும் டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன் தெரியும். 1932-ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு, நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு, அண்டை வீட்டார் கொள்கை (நம் செயலால் பாதிக்கப்படக் கூடியவர்கள் விஷயத்தில் கவனமாக நடக்க வேண்டும் என்பது). தேர்வுக்கு இது போதும். ஆனால் சம்பவம் நடந்தது 1928 ஆகஸ்ட் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் மே டொனஹியூ ஒரு தோழியோடு கடைக்குப் போகிறார். தோழிதான் வாங்கித் தருகிறார், ஐஸ்கிரீம், அதன் மேல் ஊற்ற ஜிஞ்சர் பீர். கறுத்த பாட்டில், உள்ளே இருப்பது தெரியாது. மிச்சத்தையும் ஊற்றும்போது அழுகிய நத்தை வந்து விழுந்தது என்பது, ஜிஞ்சர் பீரைத் தயாரித்த ஸ்டீவன்சன் மேல் அவருடைய புகார். அவர் கடை ஊழியர், வழக்குச் செலவுக்குப் பணம் இல்லாமல் ஏழை என்ற தகுதியில்தான் பிரபுக்கள் சபை வரைக்கும் போனார். உண்மையில் அந்த நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் சாட்சி வைத்து விசாரிக்கவே இல்லை, சட்டக் கேள்வி முடிந்ததும் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒரு விடுமுறை நாளில் தோழியோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போன பெண் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் அந்தக் கொள்கையை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கார்பாலிக் ஸ்மோக் பால் (மூக்கில் வைத்து இழுக்கிற ஒரு மருந்துப் பந்து) வழக்கும் அப்படித்தான். எங்கள் மருந்தைச் சொன்னபடி உபயோகித்தும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்ட் தருகிறோம், 1000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்று விளம்பரம். லூயிசா கார்லில் தினமும் மூன்று வேளை அதை மூக்கில் இழுத்தார், 1892 ஜனவரியில் காய்ச்சல் வந்தது, வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர் 1942 வரை இருந்தார், 96 வயது. இறப்புக்கு மருத்துவர் எழுதிய காரணங்களில் முதுமையோடு இன்ஃப்ளூயன்சாவும் இருந்தது. இதைப் படித்த அன்று பக்கத்து மேஜைத் தோழியைக் கூப்பிட்டுச் சொன்னேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

கோடையில் படிக்கவென்றே இன்னொன்று இருக்கிறது, மில்லர் எதிர் ஜாக்சன், 1977. இங்கிலாந்தில் டர்ஹம் பக்கம் லின்ட்ஸ் என்ற கிராமத்தில் எழுபது வருடமாகக் கிரிக்கெட் ஆடிய மைதானம், அதை ஒட்டிப் புதிதாக வீடுகள் வருகின்றன, பந்து தோட்டத்தில் வந்து விழுகிறது. டென்னிங் பிரபு தன் தீர்ப்பை எப்படி ஆரம்பிக்கிறார் தெரியுமா, கோடைக்காலத்தில் கிராமத்துக் கிரிக்கெட் எல்லாருக்கும் ஆனந்தம் என்று. கடைசியில் வீட்டுக்காரர்களுக்கு 400 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது, ஆட்டத்துக்குத் தடை போடவில்லை. டென்னிங் சொன்னதோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. தோட்டத்தில் உட்கார முடியாமல் இருந்த அந்தக் குடும்பத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, எனக்கு அவர்கள் மேல்தான் இரக்கம் அதிகம். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் கோடையைப் பற்றி அப்படி எழுத முடிந்திருக்கிறது என்பதை ஜன்னல் இல்லாத அறையில் இருந்து படித்தபோது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

ஒப்பந்தங்களில் கதை இருக்காதே என்று கேட்பீர்கள். அங்கே சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலச் சட்ட ஆவணங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள், 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்று. முதலாவது பழைய ஆங்கிலச் சொல், இரண்டாவது லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மக்கள் பேசியது ஒரு மொழி, ஆண்டவர்கள் பேசியது வேறு மொழி, அந்தத் தடம் இப்படிச் சொற்களில் தங்கிவிட்டது. 'மார்ட்கேஜ்' என்றால் பிரெஞ்சில் செத்த அடமானம் என்று பொருள். தமிழில் நாம் கோர்ட்டில் பேசுகிற சொற்களையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா எல்லாமே அரபியில் வேர் உள்ளவை, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தவை. வாய்தாவின் வேர்ச்சொல்லுக்கு வாக்குறுதி என்று அர்த்தம். எத்தனை குடும்பங்கள் எத்தனை வருடம் அந்த வாக்குறுதியை நம்பி நடந்திருக்கின்றன என்று நினைத்த பிறகு, 'வாய்தா' என்று அட்டவணையில் எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றுதான் எழுதியது. தினமும் ஒரு சொல், ஆறு நிமிடம், ஒரு நல்ல அகராதி. பத்து வாரத்தில் ஐம்பது சொல் சேரும்.

மதிய உணவை மேஜையில் சாப்பிடாதீர்கள். போகும் வழியில் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள். இவை எல்லாரும் சொல்வதுதான், சரியாகவும் இருப்பதால் நானும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

மனிதர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கோடை வேலைக்கு வருகிறவர்கள் பார்வையெல்லாம் சீனியர்கள் மேலேயே இருக்கும், அடுத்த வேலை அவர்கள் கையில் என்பதால். ஆனால் அந்த இடத்தில் நிஜமாகவே நமக்கு நேரம் தரக்கூடியவர்கள் கிளார்க்குகள், தட்டச்சு செய்கிறவர்கள், ரெக்கார்ட் ரூமில் இருப்பவர்கள். தினமும் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், அவர்கள் கைவேலை பற்றிய கேள்வியாக இருக்கட்டும். எங்கள் ரெக்கார்ட் ரூமில் இருந்த அண்ணன் முன்னால் ஒரு நாள் கேஸ் கட்டைப் பிரிக்கத் தெரியாமல் நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனேன். "ஏம்மா, அறுக்காதம்மா. ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா தானா அவிழணும், அதுதான் முடிச்சு" என்று வாங்கிக் காட்டினார். கட்டைக் குறுக்கே ஒரு சுற்று, நீளவாக்கில் ஒரு சுற்று, இரண்டும் சந்திக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, நாடாவை மடித்து வளையமாகவே உள்ளே விட வேண்டும், முனையை முழுசாக இழுத்துவிடக் கூடாது. எனக்கு வர நாலு நாள் ஆனது. ஐந்தாவது நாள் நான் கட்டிய கட்டை அவர் கையில் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார், ஒரு தாள்கூட நழுவவில்லை, ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தார். பத்திரிகைகளில் திட்டுவதற்கு மட்டும் வருகிற சிவப்பு நாடா, அன்றிலிருந்து எனக்குப் பிடித்த பொருளாகிவிட்டது.

இனி மோசமான நாட்கள். வரும். நான் எழுதிக் கொடுத்த ஒரு மெமோவில், பிற்பாடு ரத்தான தீர்ப்பு ஒன்றை இன்னும் செல்லுபடியாவது போல மேற்கோள் காட்டிவிட்டேன். பின்னால் வந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காதது முழுக்க என் தவறு. சீனியர் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று நாலு மணிக்கு ஜன்னலுக்குப் போகவில்லை, போகிற தகுதி இல்லை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது இரண்டாவது தவறு. அந்த ஆறு நிமிடம் நன்றாக வேலை செய்ததற்கான பரிசு இல்லை, சாப்பாடு மாதிரி. தவறு நடந்த நாளில் முதலில் அதைத் திருத்துங்கள், எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள் ("மேற்கோள் காட்டும் முன் அதன் பிற்காலத்தைப் பார்" என்று நான் எழுதியது இன்னும் இருக்கிறது), அதன் பிறகு வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்துக்குப் போங்கள். அன்றைக்குத்தான் அது ரொம்பத் தேவை.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சின்னச் சந்தோஷங்கள் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. தினமும் பதினாலு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள், மரியாதையில்லாமல் பேசுகிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள் என்றால் அங்கே தேட வேண்டியது ஜன்னலை இல்லை. கல்லூரியில் உங்களை அனுப்பிய பொறுப்பாசிரியரிடமோ நம்பிக்கையான ஒரு மூத்தவரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். பாதியில் விட்டு வருவதில் அவமானம் எதுவும் இல்லை.

சாயங்காலம் கிளம்பும் முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள், அன்றைய 0.1-ல் என்ன நடந்தது என்று. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கல்லோவும் மாணவர்களை வாரம் ஒருமுறை, தங்களுக்கு நன்றி தோன்றிய விஷயங்கள் ஐந்து வரை எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் எழுதியவர்கள், தொல்லைகளை மட்டும் எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். பத்து வாரம் என்பது ஏறக்குறைய ஒரு கோடை வேலையின் நீளம்தான்.

எழுதும்போது கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், தொகை, எதிர்த்தரப்பு எதுவும் அந்த நோட்டில் வரக் கூடாது. கட்டுகளைப் போட்டோ எடுக்காதீர்கள், அழகான பழைய முத்திரையாக இருந்தாலும் சரி. ரகசியம் காப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். என் நோட்டில் வரிகள் இப்படித்தான் இருக்கும்: "மழைக்கு முன் படிக்கட்டில் மண் வாசனை." "ஜப்தி – அகராதியில் அரைப் பக்கம்." "முடிச்சு இன்றும் வரவில்லை." "முடிச்சு வந்தது." "மூலைத் தொட்டியில் பச்சை." ஒரு வாரம் முழுக்கக் காலியாகவும் இருக்கிறது, அதுவும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் என் மேஜையைக் காலி செய்தபோது, அடுத்து அந்த அறைக்கு வரப்போகிறவருக்காக இழுப்பறையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன். ஸ்கேனர் மக்கர் செய்தால் எங்கே தட்ட வேண்டும், எந்த அலமாரியின் கட்டுகள் கலைந்திருக்கின்றன, நாடாவை அறுக்காமல் ரெக்கார்ட் ரூம் அண்ணனிடம் கேட்கவும். அதற்குக் கீழே: மூன்றாவது மாடிப் படிக்கட்டு, நாலு மணி, இடது பக்க ஜன்னல்.